வண்டி போன பக்கம்

மாடு மிரண்டால் கறி கறுத்துப்போகும். சும்மா கிளப்பிவிட்ட பேச்சு இல்லை இது. கால்நடை மருத்துவம் படித்த யாரையும் கேட்டுப் பாருங்கள். வண்டியில் ஏற்றும்போது பயந்து, முட்டி, ஓடிக் களைத்த மாட்டின் தசையில் இருக்கிற சத்தெல்லாம் எரிந்து தீர்ந்துவிடும். அறுத்த பிறகு கறி சிவக்காமல் கறுத்து, பிசுபிசுவென்று கிடக்கும். வாங்க வந்தவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விடுவான். இரண்டு வருடம் புல் பார்த்து, தண்ணீர் பார்த்து, உண்ணி பார்த்து, கண்ணும் கருத்துமாக வளர்த்ததெல்லாம் கடைசி அரை மணி நேரத்தில் பாழ்.

அந்த அரை மணி நேரத்துக்கு மருந்தாக வந்ததுதான் காதுவில்லை. மாட்டின் காதில் எண் போட்ட மஞ்சள் வில்லை எந்தக் காலத்திலும் உண்டு. புது வில்லை மாட்டின் மனநிலையை வாங்கும். வேறொரு மனநிலையை அதற்குள் அனுப்பவும் செய்யும். அதற்கு ஜோடியாக இன்னொரு வில்லை பண்ணை மேலாளரின் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இருக்கும். மேலாளர் அமைதியாக நின்றால் பட்டியில் நிற்கிற அறுநூறு மாடும் அமைதியாக நிற்கும். மேலாளருக்கு மனசு பதறினால் அறுநூறும் பதறும். புல் தெரியுமா, நோய் தெரியுமா, சினை பார்க்கத் தெரியுமா என்று கேட்டு ஆள் எடுத்த காலம் போய், இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும், அதோடு எதற்கும் பதறக் கூடாது என்று ஆயிற்று. அப்படிப்பட்ட ஆட்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? கம்பெனிக்காரர்கள் நாடு நாடாகத் தேடினார்கள்.

கோவில்பட்டி இசக்கியம்மாள் அகப்பட்டது அப்படித்தான்.

அப்போது அவளுக்கு முப்பது வயது. கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, அரசு மருந்தகத்தில் தற்காலிக வேலையில் ஆறு வருடம் ஓட்டியிருந்தாள். கணவர் சங்கிலிக்குக் கடலைமிட்டாய்ப் பட்டறை. ஒரே மகள் செண்பகவல்லிக்கு ஐந்து வயது. வடக்கு ஆஸ்திரேலியாவில் கூலாரி என்ற பண்ணைக்கு ஆள் வேண்டும் என்றதும் இசக்கி விண்ணப்பம் போட்டாள். பெரிய மாட்டுவேலை, ஆயுசுக்கும் கற்றுக்கொண்டே இருக்கலாம் என்ற ஆசைதான். மாட்டை அறுக்கிற ஊரில் வேலையா என்று கேட்டவர்களுக்கு, "அறுக்கிறவரைக்கும் நல்லாப் பாத்துக்கிடணும்லா" என்று பதில் சொல்லிவிட்டுப் போனாள். சேர்ந்த அன்று கம்பெனியின் உளவியல் நிபுணர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். விமான நிலையத்தில் பிள்ளையை விட்டுவிட்டு வந்தபோது அழுதீர்களா?

"இல்லை" என்றாள் இசக்கி. உண்மையும் அதுதான். விமானம் ஏறுகிறவரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் சொட்டு வரவில்லை. அவர் தன் தாளில், மிகவும் அமைதியானவர், மேலாளர் பணிக்கு ஏற்றவர் என்று எழுதினார்.

பதினேழு வருடம் ஆகிவிட்டது. கூலாரியில் பதினாலாயிரம் மாடு. முதல் மூன்று வருடம் அவளுக்குச் சினை பார்க்கிற வேலை. தோள்வரை பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு, இரும்புக் கூண்டில் நிற்கிற மாட்டுக்குள் கைவிட்டுப் பார்த்து, எத்தனை மாசம் என்று சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு மாடு. இசக்கி கைவிட்டுச் சொன்னால் சொன்னதுதான். சினை பார்க்கிற எந்திரம்கூட அவளிடம் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். அப்புறம் மந்தை மேற்பார்வை, அப்புறம் மொத்தப் பண்ணையும். பண்ணையின் விதிகளில் பாதி அவள் எழுதியது. அதில் ஒன்று இது: இரண்டு பருவம் தொடர்ந்து சினை நிற்காத பசு வண்டியில் ஏற வேண்டும், எந்தப் பசுவுக்கும் விலக்கு கிடையாது. விலக்கு வைத்தால் ஆளாளுக்கு ஒரு செல்ல மாடு வளர்ப்பார்கள், பண்ணை அனாதை இல்லம் ஆகிவிடும் என்பது அவள் கணக்கு. கணக்கு சரிதான்.

வண்டி ஏற்றும் நாளில் பதறாமல் இருக்க ஒவ்வொரு மேலாளருக்கும் ஒரு ஞாபகம் உண்டு. பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள்: உங்களுக்கு ரொம்பப் பிடித்த, மனசு நிறைந்த ஒரு பொழுதைத் தேர்ந்தெடுங்கள், மாடு வண்டிக்குள் ஏறுகிற சாய்தளத்தின் பக்கத்தில் நிற்கும்போது அதையே நினையுங்கள். இசக்கி எடுத்துக்கொண்டது ஒரு சித்திரை மாதத்து மத்தியானம். கரண்டு இல்லை. சிமெண்டுத் தரையில் அவள் மல்லாந்து படுத்திருக்கிறாள். எட்டு மாதச் செண்பா அவள் வயிற்றின் மேல் குப்புறக் கிடந்து தூங்குகிறது. பிள்ளையின் கையில் வசம்பு வளையல், வியர்வை, பால் நாற்றம், கழுத்தில் விட்டுவிட்டுப் படுகிற சின்ன மூச்சு. அதை நினைத்தால் போதும், அறுநூறு மாடும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கும். வருடத்துக்கு முப்பது ஏற்றுநாள் என்று வைத்தாலும், நானூறு தடவைக்கு மேல் அந்த மத்தியானத்தை அவள் எடுத்திருப்பாள். புதிதாக வந்த மேலாளர் பதினோரு பேருக்குப் பயிற்சி கொடுத்தவளும் அவள்தான். இருப்பதிலேயே நல்லதை எடுங்கள் என்றுதான் அத்தனை பேருக்கும் சொல்லிக்கொடுத்தாள்.

போன மாசம் மகளிடமிருந்து போன் வந்தது. செண்பாவுக்கு இருபத்திரண்டு வயது, வயிற்றில் ஏழு மாசப் பிள்ளை. கூலாரியில் சாயங்காலம் ஆறு மணி என்றால் கோவில்பட்டியில் மதியம் இரண்டு.

"கால் வீக்கம் எப்படி இருக்கு தாயி?" என்றாள் இசக்கி.

"அது கெடக்கு. நான் ஒண்ணு கேக்கணும்மா. சின்னதுல நான் உன் வயித்து மேல படுத்தாத்தான் தூங்குவேனாமே. அப்பா சொன்னாக."

"ஆமா. கரண்டு இல்லாத மத்தியானம். சிமெண்டுத் தரை. வசம்பு வாசனை. உனக்கு அப்ப எட்டு மாசம்."

"தலையை எந்தப் பக்கம் திருப்பி வச்சிருப்பேன்?"

இசக்கி போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"எதுக்குட்டி கேக்க?"

"சும்மாதான். என் பிள்ளையும் அப்படிப் படுக்குமான்னு பாக்கத்தான். சொல்லும்மா."

"இடது பக்கம்னு நெனைக்கேன்."

"நெனைக்கியா?" என்றாள் செண்பா. "எழுதி வச்சதைப் பாத்து வாசிக்கிற மாதிரி சொல்லுத. என் கல்யாணத்துலயும் இப்படித்தான் நின்ன. அத்தைமாரெல்லாம் அழுதாக, நீ கல்லு மாதிரி நின்ன. உனக்கு என்கிட்ட ஒண்ணுமே தோணாதாம்மா?"

போனை வைத்துவிட்டு இசக்கி கட்டிலில் உட்கார்ந்து அந்த மத்தியானத்தைத் தேடினாள். சிமெண்டுத் தரை என்ற சொல் வந்தது. வசம்பு என்ற சொல் வந்தது. வாசனை வரவில்லை. பிள்ளையின் கனம் வரவில்லை, முகமும் வரவில்லை. மிட்டாய் தின்றுவிட்டுத் தாளை மடித்து வைத்திருந்த மாதிரி, சொற்கள் மட்டும் அடுக்காகக் கிடந்தன. அவள் பயப்பட வேண்டும், அழ வேண்டும். அவளுக்கே அது தெரிந்தது. ஆனால் நெஞ்சு எப்போதும்போல மெல்ல, நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. எப்படியாவது அந்த மத்தியானம் தனக்குத் திரும்ப வேண்டும் என்ற ஒரே ஒரு எண்ணம் அன்று முதல் அவளைப் பிடித்துக்கொண்டது.

பருவத்தின் கடைசி ஏற்றுநாளுக்கு முந்தின நாள், வில்லைகளைச் சோதிக்க நிரோஷன் வந்தான். டார்வின் நகரத்திலிருந்து வருடம் ஒரு முறை வருகிற பொறியாளன், பெற்றோர் பருத்தித்துறைக்காரர்கள். கூலாரியில் இசக்கியோடு தமிழ் பேசுகிற ஒரே ஆள். அவள் காதுக்குப் பின்னால் கருவியை வைத்துக்கொண்டே, தேங்காய்ச் சம்பலுக்கு இந்த ஊர் மிளகாய் சரிவராது என்று புலம்பிக்கொண்டிருந்தான். இசக்கி குறுக்கே கேட்டாள்.

"தம்பி, ஏத்துநாளுக்குன்னு ஒரு நெனப்பு வச்சிருந்தேன். இப்ப அதைக் காணல."

நிரோஷன் கருவியைக் கீழே வைத்தான். "கேப்பியள் எண்டு தெரியும் அக்கா. எல்லா மேலாளரும் ஒரு நாளைக்குக் கேக்கினம்."

"எங்க போச்சு?"

"ஒரு ஞாபகத்தை நினைக்கேக்க அதை வெளியில எடுத்துத் திருப்பி உள்ள வைக்கிறம். அப்ப இந்த வில்லை குறுக்க நிண்டு வடிகட்டுது. அமைதியை மட்டும் விடும். மனசை அலைக்கழிக்கிற எதையும் விடாது. வாசனை, முகம், ஏக்கம், எல்லாம் அலைக்கழிக்கிற சாமான்தானே. நானூறு தரம் வடிகட்டினா மிஞ்சிறது என்ன?"

"சேந்தப்ப ஒருத்தரும் சொல்லலையே."

"அப்ப ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்ச பிறகு ஒப்பந்தத்தில ஒரு வரி சேர்த்தவை. நாப்பத்தோராம் பக்கம்."

அந்தப் பதினோரு பேரும் இசக்கியின் கண்முன் வந்து போனார்கள். ஒருத்தன் செத்துப்போன தம்பியோடு ஆற்றில் குளித்ததை எடுத்துக்கொண்டான். கல்யாணத்துக்கு முந்தின நாளை எடுத்த பெண் ஒருத்தி. பேஷ் பேஷ் என்று சொல்லி அனுப்பியது இவள்தான்.

"இன்னொண்டு சொல்லட்டே?" நிரோஷன் திரையை அவள் பக்கம் திருப்பினான். ஏற்றுநாள் ஒவ்வொன்றுக்கும் கோடுகள் ஓடின. "எட்டு வருஷமாப் பட்டியை அடக்கிறது நீங்கள் இல்லை. இந்தக் கோட்டைப் பாருங்கோ. முதல்ல இந்த ஒண்டு கீழ இறங்குது. பிறகு மந்தை இறங்குது. நாலு விநாடி கழிச்சுத்தான் நீங்கள் இறங்கிறியள். உங்களையும் சேத்து அதுதான் அடக்குது."

"எது?"

"318."

318 என்பது முன்மாடு. பெரிய திமிலும் தொங்கு காதுமாக, பதின்மூன்று வயதுப் பசு. மாடுகள் சாய்தளத்தில் தாமாக ஏறாது. முன்னால் ஒன்று ஏறினால் பின்னால் ஏறும். அதற்காகப் பழக்கியதுதான் முன்மாடு. அது முதலில் ஏறி, வண்டியின் வாசல்வரை போய், பக்கத்தில் இருக்கிற சின்ன கேட் வழியாக இறங்கித் திரும்பிவிடும். பின்னால் வந்தவை வண்டிக்குள் போய்விடும். ஒன்பது வருடமாக 318 ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தது. போன வருடமும் இந்த வருடமும் அதற்குச் சினை நிற்கவில்லை. கைவிட்டுப் பார்த்து, இல்லை என்று சொன்னதும் இசக்கிதான். நாளைக்குப் போகிற வண்டியின் பட்டியலில் அதன் எண் இருந்தது. கையெழுத்துப் போட்டபோது எண்ணைப் பார்த்தாள், விதி விதிதான் என்று தாளைத் திருப்பிவிட்டாள். நாளைக்கு அந்தச் சின்ன கேட் அதற்குத் திறக்காது.

"மாட்டுக்கு ஏது தம்பி ஞாபகம்?"

"எனக்குத் தெரியாது அக்கா. இந்த வில்லைக்கு அமைதி எண்டா நாடி மெதுவாப் போறது. அவ்வளவுதான். ஏன் மெதுவாப் போகுது எண்டு அதுக்கு விளங்காது."

இசக்கி அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தாள். "எங்கிட்ட இருந்து வடிகட்டினது எங்கயாவது போயிருக்கணும்லா? ஒன்பது வருசமா அது என் பக்கத்துலதான் நிக்கு. வில்லை வழியா அதுக்குள்ள போயிருந்தா?"

"போயிருக்கலாம். போகேல்லை எண்டு அடிச்சுச் சொல்லேலாது."

"அப்ப நான் அதைத் திருப்பி வாங்க முடியுமா?"

"உங்கட வில்லை குடுக்கிறதுக்குத்தான் முழுசாத் திறந்திருக்கு, மாட்டிட்ட இருந்து வாறதில அமைதியை மட்டும்தான் விடும். வாங்கிற வழியை ஒரு மாட்டுக்கு மட்டும் திறந்துவிடலாம், வடிகட்டாமல். சட்டப்படி கூடாது." நிரோஷன் கன்னத்தைச் சொறிந்தான். "பத்து நிமிஷம் தாறன். அதுக்கு மேல நிண்டா என்ரை வேலை போயிடும்."

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. 318 தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், வேலியோரமாக நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. இசக்கி போய் அதன் விலாவில் கை வைத்தாள். ஒன்பது வருடத்தில் வேலை இல்லாமல் அதை அவள் தொட்டதே இல்லை. தொலைவில் காரின் மேல் திரையை வைத்துக்கொண்டு நின்ற நிரோஷன் கையைத் தூக்கிக் காட்டினான்.

முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் வயிற்றோடு ஒட்டி ஒரு சூடு வந்தது. கனம் வந்தது. உயிருள்ள, தூங்குகிற, தன்னை முழுசாக நம்பிச் சாய்ந்திருக்கிற ஒரு கனம். கழுத்தில் ஈரமான மூச்சு விட்டுவிட்டுப் பட்டது. பால் நாற்றம் மூக்கை அடைத்தது. இத்தனை நெருக்கமாகப் பால் நாற்றத்தை அவள் அந்த மத்தியானத்தில்கூட உணர்ந்திருக்க மாட்டாள். தலை இடது பக்கம். ஆமாம், இடதுதான்! நெற்றியில் முத்தம் கொடுக்கிற மாதிரி வாய் போகிறது. வாயில் மயிரின் சுழி ஒன்று தட்டுப்படுகிறது, வட்டமாக, நெற்றியின் நடுவில். அந்தச் சுழியை விட்டு வாயை எடுக்க மனசே இல்லை. இது போய்விடும், இது போய்விடும் என்று உடம்பெல்லாம் இழுத்துப் பிடிக்கிறது. இசக்கி பதினேழு வருடத்துக்கு அப்புறம் ஓவென்று அழுதாள். வசம்பு வாசனை மட்டும் வரவில்லை. அதனால் என்ன, எல்லாமா வரும் என்று நினைத்துக்கொண்டாள்.

நிரோஷன் பத்து நிமிடம் என்று சொன்னான். இருபது நிமிடம் விட்டான்.

அன்று சாயங்காலமே அவள் பட்டியலைத் திறந்து 318-ஐ நீக்கினாள். திரை காரணம் கேட்டது. முன்மாடாகத் தேவை என்று எழுதினாள். கொஞ்ச நேரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி செய்தி அனுப்பினார்: நீங்கள் எழுதிய விதிக்கு நீங்களே விலக்குக் கேட்கிறீர்கள், இது செல்ல மாடா? ஐந்து பண்ணைகளுக்கும் சேர்த்து ஒரு தலைமைப் பதவி அவளுக்கென்று பேசப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. இசக்கி யோசிக்கவே இல்லை. ஆமாம், செல்ல மாடுதான் என்று பதில் போட்டாள்.

மறுநாள் காலையில் மூன்று வண்டிகள் வந்தன. இசக்கி சாய்தளத்தின் பக்கத்தில் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றாள். எதையும் நினைக்கவில்லை. நினைக்க இனி ஒன்றும் மிச்சமில்லை, இருக்கிறதையும் வில்லைக்குக் கொடுக்க அவள் தயாராக இல்லை. 318 மெல்ல ஏறியது. பின்னால் மந்தை ஒரு சத்தம் இல்லாமல் ஏறியது. வாசலில் 318 திரும்பியதும் இசக்கி சின்ன கேட்டைத் தன் கையால் திறந்துவிட்டாள். அது இறங்கிப் பட்டியின் மூலைக்குப் போய், வழக்கமாக நிற்கிற இடத்தில், வழக்கம்போல ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டது. ஒரு கறி கறுக்காது, முதல் தரம் என்று டிரைவர் வேய்ன் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனான். வண்டிகள் வடமேற்கே துறைமுகப் பக்கம் போகிற செம்மண் ரோட்டில் புழுதி கிளப்பிக்கொண்டு மறைந்தன.

மகள் சாப்பிட்டு முடிக்கிற நேரம் வரட்டும் என்று காத்திருந்து, இசக்கி போன் போட்டாள்.

"செண்பா, இடது பக்கந்தான் தாயி. இடது பக்கந்தான் தலையை வச்சிருப்ப. எனக்கு ஞாபகம் வந்துட்டு."

"அம்மா? அழுதியா? என்ன ஆச்சும்மா?"

"ஒண்ணும் ஆகல. என்ன சூடுட்டி நீ. என்ன கனம். மூச்சு ஈரமா எங் கழுத்துல படும். வாயெல்லாம் பால் நாத்தம். நான் உன் நெத்தியில முத்தம் குடுத்துக்கிட்டே இருப்பேன், அந்தச் சுழியில."

"எந்தச் சுழி?"

"நெத்தி நடுவுல ஒரு சுழி உண்டுல்லா உனக்கு. வட்டமா."

அந்தப் பக்கம் ஆல்பம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"எனக்கு நெத்தியில சுழி கிடையாதும்மா" என்றாள் செண்பா, மெதுவாக. "உச்சியில ஒண்ணுதான். மொட்டை போட்டப்ப எடுத்த போட்டோ இங்கதான் இருக்கு, நெத்தி வழுவழுன்னு இருக்கு."

இசக்கி போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். எல்லாம் திரைக்குப் போவதற்கு முன் அவள் கையால் எழுதிய பட்டிக் குறிப்பேடுகள் அடித்தட்டில் இருந்தன. தூசியைத் தட்டிப் புரட்டினாள். 318-ன் பக்கம் வந்தது. அவள் எழுத்துதான், தமிழில், அவசரத்தில் எழுதினது.

"என்னத்தம்மா பொரட்டுத? சத்தமாப் படி."

"318. தலையீற்று, காளைக்கன்று. நெற்றியில் சுழி." இசக்கி நிறுத்தினாள். பக்கத்தைத் திருப்பினாள். "பதினெட்டாம் மாதம், கன்று வண்டியில் ஏறியது. தாய் பின்னாலேயே வந்து சாய்தளத்தில் ஏறியது. இறக்கிவிட்டோம். கத்தவில்லை, முட்டவில்லை. பட்டி மூலையில் வண்டி போன பக்கம் பார்த்து நின்றது. மூன்று நாள் நின்றது. மிகவும் அமைதியான மாடு." அடுத்த வரியையும் படித்தாள். "முன்மாடாகப் பழக்கலாம்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தன் பிள்ளை திரும்பி வந்தது என்று கட்டிக்கொண்டு அழுதது இன்னொருத்தியின் பிள்ளை. அவளுடைய மத்தியானம் எங்கும் இல்லை, எந்த மாட்டுக்குள்ளும் இல்லை, வடிகட்டினது வடிகட்டினதுதான். ஒன்பது வருடமாக அந்தப் பசு பிள்ளையைத் தேடித்தான் சாய்தளத்தில் ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளை போன வண்டியின் வாசல்வரை போய், இல்லை என்று பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தது. அதை வைத்து இசக்கி பல்லாயிரம் மாட்டை ஏற்றியிருக்கிறாள். கன்றை ஏற்றியதும் அவள்தான்.

"அது மாட்டோட கண்ணுக்குட்டி செண்பா. உன்னை நான் தொலைச்சுட்டேன் தாயி. தேடிப் பாத்துட்டேன், இல்ல."

செண்பா ஆல்பத்தை மூடுகிற சத்தம் கேட்டது.

"அம்மா, நீ போன பிறகு நான் அழவே இல்லையாம், தெரியுமா? பட்டறை வாசல்ல ரோட்டைப் பாத்து உக்காந்திருப்பேனாம். பள்ளிக்கூடம் விட்டு வந்தா அங்கதான். வந்தவுக போனவுக எல்லாரும் எவ்வளவு அமைதியான பிள்ளைன்னு சொல்லுவாகளாம். அப்பா இன்னைக்கும் அதைப் பெருமையாச் சொல்லுவாக."

இசக்கி குறிப்பேட்டை மூடினாள். "நான் வாரேன்" என்றாள். "வில்லையை எடுத்துப் போட்டுட்டு வாரேன். பதினோரு பேருக்கு ஒரு விசயம் சொல்ல வேண்டியிருக்கு, சொல்லிட்டு உடனே வாரேன்."

"வந்து என்ன செய்வ? உனக்குத்தான் ஒண்ணும் ஞாபகம் இல்லையே." கோபத்தில் சொன்ன மாதிரியும் இருந்தது, கொஞ்சின மாதிரியும் இருந்தது.

"நீ சொல்லு. நான் கேட்டுக்கிடுதேன்."

வெளியே நிரோஷன் சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தான். இசக்கி விஷயத்தைச் சொன்னதும் அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அப்ப அது உங்கட இல்லையே அக்கா. 318-ஐத் திருப்பிப் பட்டியல்ல சேர்க்கட்டே? தலைமைப் பதவி இன்னும் கை நழுவிப் போகேல்லை."

"வேண்டாம்" என்றாள் இசக்கி. "அது நிக்கட்டும்."

அவள் பட்டிக்குள் போனாள். 318 மூலையில் அப்படியே நின்றது. இசக்கி அதன் பக்கத்தில், வேலிக் கம்பியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். புழுதி அடங்கிவிட்டது. துறைமுகம் வடமேற்கே, கோவில்பட்டியும் அந்தத் திசையில்தான். இரண்டு பேரும் அசையாமல் ரோட்டையே பார்த்தார்கள்.

நிரோஷன் திரையை அணைக்கப் போனவன் ஒரு கணம் நின்றான். இரண்டு கோடுகள் பச்சையாக, சீராக, பக்கத்தில் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தன. 318 – மிகவும் அமைதி. மேலாளர் – மிகவும் அமைதி. பதிவு செய்யவா என்று கீழே கேட்டிருந்தது. அவன் வேண்டாம் என்று அழுத்திவிட்டுத் திரையை மூடினான்.